மணி பிளான்ட்

மணி பிளான்ட் என்பது சேம்பு, சேனை ஆகியவை இடம்பெறும் அரேசியே குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் ஏறுகொடியாகும். எபிப்ரெம்னம் ஆரியம் என்பது இதன் அறிவியற்பெயர். இதய வடிவப் பச்சை இலைகளில் பொன்மஞ்சள் தெறிப்புகளைக் கொண்ட இக்கொடி, உலகெங்கும் வீட்டினுள் வளர்க்கப்படும் வெப்பமண்டல இலைச்செடிகளுள் மிகப் பரவலானவற்றுள் ஒன்று. விலை கொடுத்து வாங்குவதைவிட அடுத்த வீட்டிலிருந்து சொல்லாமல் ஒடித்துவந்து வைத்தால்தான் பணம் சேரும் என்னும் நம்பிக்கை இதன் பரவலுக்கு ஓரளவு துணைசெய்திருக்கலாம் எனினும், ஒரு கணு இருந்தாலே தழைத்துவிடும் இயல்பே அதற்கு மெய்யான காரணமாகும்.

இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த மோரியா தீவு. 1880-இல் தாவரவியலாளர்களான லிண்டன், ஆந்த்ரே ஆகிய இருவரும் இதனைப் போத்தோஸ் ஆரியஸ் என்று பெயரிட்டு விவரித்தனர். இன்றும் வணிகத்தில் போத்தோஸ் என்ற பெயர் நிலைத்திருப்பது அதனாலேயே. தாவரங்களைப் பேரினங்களில் அடக்குவதற்குப் பூவின் அமைப்பே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுவதாலும், இக்கொடியோ பூப்பதே அரிதாக இருந்ததாலும், இதன் பேரினம் நெடுங்காலம் ஐயத்துக்கு உரியதாக இருந்து, 1960-களில் பூ ஆராயப்பட்ட பின்னரே இன்றைய பெயர் வழங்கப்பட்டது. பூவாமைக்கான காரணத்தை 2016-இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது: பூத்தலைத் தூண்டும் ஜிப்பெரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உருவாக்குவதில் பங்குபெறும் மரபணு இத்தாவரத்தில் செயற்படுவதில்லை, அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது. எனவே உலகிலுள்ள மணி பிளான்ட் கொடிகள் பெரும்பாலும் விதையிலிருந்து வந்தவை அல்ல, துண்டிலிருந்து துண்டாகப் பெருகியவை.

வீட்டில் காணப்படுவது இத்தாவரத்தின் இளநிலை மட்டுமே என்பதை அறியாமல் அதன் வளர்ப்பைப் புரிந்துகொள்வது கடினம். காட்டில் இக்கொடி தரையில் படர்ந்து, மரமொன்றைத் தொட்டதும் கணுக்களிலிருந்து வரும் காற்றுவேர்களால் பட்டையைப் பற்றி மேலேறுகிறது. ஏற ஏற இலை பெரிதாகி, ஓரங்களில் கிழிந்தாற்போல் பிளவுபட்டு, முக்கால் மீட்டருக்கு மேலும் நீள்கிறது. தொங்கவிடப்பட்ட கொடியிலோ நுனிக்குச் செல்லச் செல்ல இலை சிறுத்துவிடும். தோட்டத்துத் தென்னையில் ஏறிய கொடியையும் வரவேற்பறைத் தொட்டியில் உள்ளதையும் வெவ்வேறு செடிகள் என்று பலர் எண்ணுவதற்கு இதுவே காரணம். தொட்டியிலேயே பெரிய இலை வேண்டுவோர், தேங்காய் நார் சுற்றிய கம்பொன்றை நட்டு, நாரை ஈரமாக வைத்திருந்து, கொடியை அதில் ஏற்ற வேண்டும்.

மர நிழலில் தொடங்கி ஒளியை நோக்கி ஏறும் தாவரமாதலால் இது குறைந்த ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, செழிப்பது வேறு. கிழக்கு அல்லது வடக்குச் சன்னலருகே கிடைக்கும் நேரடியற்ற வெளிச்சம் இதற்கு மிக ஏற்றது. உச்சிவெயில் நேராக விழுந்தால் இலை வெளிறிக் கருகும். இருண்ட மூலையில் கணுக்களுக்கு இடையிலான தொலைவு கூடி, கொடி மெலிந்து, மஞ்சள் தெறிப்புகளும் குறைந்துவிடும். தெறிப்புள்ள பகுதிகளில் ஒளிச்சேர்க்கைக்குரிய பச்சையம் குறைவு என்பதால் பச்சை மிகுந்த கிளைகளே அங்கு முந்தி வளர்கின்றன. மார்பிள் குயின் போன்ற வெண்மை மிகுந்த வகைகளுக்குக் கூடுதல் ஒளி தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான். வெப்பநிலை குறித்துச் சமவெளித் தமிழர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இலைகள் பாதிக்கப்படும் என்பதால் ஊட்டி போன்ற இடங்களில் குளிர்கால இரவுகளில் இதனை வெளியே விட்டுவைக்கலாகாது.

கவனக்குறைவால் சாகும் மணி பிளான்ட்டைவிட, அதிகக் கவனிப்பால் சாவது மிகுதி. மண் இடைவிடாமல் நனைந்திருந்தால் அதன் துளைகளில் காற்று அற்றுப்போய், வேர்கள் மூச்சுவிட இயலாமல் நலிய, பித்தியம் போன்ற நுண்ணுயிரிகள் தொற்றி அவற்றை அழுகச்செய்கின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் ஈர மண்ணிலேயே இலை வாடுகிறது. அதைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுவது செடியை விரைவில் முடித்துவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே அடித்துளை வழியாக வடியுமளவு ஊற்ற வேண்டும்; தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சிறிது மணலும் கலந்த, நீர் எளிதில் வடியும் கலவை போதுமானது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிவந்தால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிவதும் இலை நுனி பழுப்பதும் உண்டு. மழைநீரை அவ்வப்போது தாராளமாக ஊற்றி வடியவிட்டால் அந்த உப்பு கரைந்து வெளியேறும். காலையில் இலை நுனியில் தொங்கும் நீர்த்துளி நோய்க்குறி அன்று: இரவில் வேரழுத்தத்தால் மேலேறிய நீர் இலைமுனைத் துளைகள் வழியே கசிவதே அது.

கொடியைப் பெருக்குவதற்குக் கணு இன்றியமையாதது. இலைக்காம்பு தண்டோடு சேரும் அந்தப் புடைப்பில்தான் வேராகக்கூடிய பழுப்பு முளையும் கிளையாகக்கூடிய மொட்டும் உள்ளன. தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, இலையை வெளியே விட்டு, கணுவை மட்டும் நீரில் மூழ்கவைத்தால் ஓரிரு வாரங்களில் வெள்ளை வேர் தலைகாட்டும். வெறும் இலையை வைத்தால் வேர்விட்டாலும் விடுமேயன்றிப் புதுக்கொடி வராது.

பாட்டில் நீரிலேயே ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதும் இயலும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த, தேங்கிய நீரில்தான். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடுகளில் தண்ணீர்த் தொட்டியோடு மணி பிளான்ட் பாட்டிலையும் சோதிப்பது இதனாலேயே. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்தாங்குபவை என்பதால், நீரை மாற்றுவது மட்டும் போதாது; வாரத்துக்கு ஒருமுறையாவது உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அது இயலாதோர் மண்ணில் வளர்ப்பதே நல்லது.

இக்கொடி அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்ற விற்பனைக் கூற்றுக்கு மூலம், 1989-இல் வெளிவந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு கலங்களில் நடத்தப்பட்டது. வீட்டில் இயல்பான காற்றோட்டமே தரும் தூய்மையைச் செடிகளால் பெறச் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. சன்னலைத் திறந்துவைப்பது எளிது.

மாவுப்பூச்சியே இதன் முதன்மை எதிரி. இலைக்கக்கத்தில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் அதனை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து வாரமொருமுறை தெளித்தால் கட்டுப்படும். சேனைக்கிழங்கின் நமைச்சலுக்குக் காரணமான ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் இதன் எல்லாப் பகுதிகளிலும் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும் என்பதால் குழந்தைகளுக்கும் பூனை, நாய்களுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். கத்தரித்த துண்டுகளை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ எறிவது தவறு. இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள கன்னொருவைக் காட்டில் இக்கொடி பெரும்பரப்பைப் போர்த்தி மரங்களை நெருக்கி வருகிறது. பூவும் விதையுமின்றி அது அங்கு பரவியது இத்தகைய தண்டுத் துண்டுகளாலேயே.