சுடச் சொல்லாதபோது சுடாதிருக்க: மாதிரிப் போர்க்கப்பல் பீரங்கிச் சுவிட்சின் வரலாறு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1970களின் இறுதியில் ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உருவானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குரிய போர்க்கப்பல்களை 144-இல் ஒரு பங்கு அளவில் செய்து, குளத்தில் விட்டு, ரேடியோ வழியாக ஓட்டி, ஒன்றையொன்று மெய்யாகவே சுட்டு மூழ்கடிப்பது. 251 மீட்டர் நீளமிருந்த ஜெர்மானியப் ‘பிஸ்மார்க்’ இங்கே 1.74 மீட்டர். பக்கச் சுவர் மெல்லிய பால்சா மரத்தகடு. பீரங்கிக்குள் வெடிமருந்து இல்லை. அழுத்தத்தில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு, சுமார் 4.5 முதல் 6.35 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள எஃகுக் குண்டைத் தள்ளுகிறது. குண்டை நிறுத்திவைப்பது ஒரு ரப்பர் வளையம், வாயுவைத் திறந்துவிடுவது ஒரு சிறு வால்வு. கரையில் நிற்பவரின் விரலுக்கும் அந்த வால்வுக்கும் நடுவே உள்ள சுவிட்சே இக்கட்டுரையின் பொருள்.

இந்தச் சுவிட்சின் கதையை வேகம் கூடிய கதையாகச் சொல்லிவிடலாம். உருவம் சிறுத்த கதையாகவும் சொல்லலாம். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் மேலோட்டமானவை. மின்சாரத்தைப் பாயவைப்பது எந்தக் காலத்திலும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. யாரும் கேட்காதபோது அது பாயாமல் தடுப்பதுதான் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் சிக்கல்.

தொடக்கத்திலேயே இது தெரிகிறது. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கம்பியில்லாமல் இயங்கும் படகொன்றைக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் 613,809 என்ற எண்ணில் காப்புரிமையும் பெற்றார். படகின் காது, உலோகத் துகள் நிரப்பிய ஒரு சிறு குழாய். கோஹெரர் என்று அதற்குப் பெயர். மின்காந்த அலை பட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த சைகைக்குமுன் குழாயைப் புரட்டித் துகள்களைப் பிரிக்க வேண்டும். குழாய் ரிலேயை இழுக்க, ரிலே ஒரு சக்கரத்தை ஒரு படி நகர்த்தும். படிக்கு ஒரு செயல். பிரமாதமான அமைப்புதான், ஆனால் வருவது யாருடைய சைகை என்று கோஹெரருக்குத் தெரியாது. அருகில் வேறொரு தீப்பொறி பறந்தாலும் அதற்குக் கட்டளைதான். டெஸ்லா இதை உணர்ந்திருந்தார். 1903-இல் அவருக்குக் கிடைத்த 723,188-ஆம் எண் காப்புரிமை, வெவ்வேறு அதிர்வெண்கள் சேர்ந்து வந்தால் மட்டுமே கருவி இயங்க வேண்டும் என்கிறது. ஒற்றைச் சாவியை நம்பாத இந்தப் பூட்டை, படகைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகவே நான் கருதுகிறேன்.

அடுத்த சில பத்தாண்டுகளில் பெரிய கப்பல்களையே ரேடியோ ஓட்டியது. மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் ஜான் ஹேஸ் ஹேமண்ட் ஜூனியர் செய்த சோதனைகளும், முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் கடற்படை ‘அகமெம்னான்’ கப்பலை ஆளில்லா இலக்குக் கப்பலாக மாற்றியதும் பலர் எழுதியவை. அகமெம்னான் சுடப்படுவதற்காக மிதந்த கப்பல். ரேடியோ அதை ஓட்டியதே தவிர, அதைக் கொண்டு யாரையும் சுடவில்லை. இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரில் பீஸ்ஹோம் பூங்காக் குளத்தில் 1927 முதல் நடக்கும் கடற்போர்க் காட்சியிலோ மாதிரிக் கப்பல்களுக்குள் நகராட்சி ஊழியர்களே உட்கார்ந்து ஓட்டினார்கள். சுடும் வேலையை ஆளிடம் விடுவதே மேல் என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பொழுதுபோக்காளர் கைக்கு வந்த ஒற்றைச் சேனல் கருவிகள் டெஸ்லாவின் சக்கரத்தையே வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தன. முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையை ஒரு மின்காந்தம் படிப்படியாக விடுவிக்கும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வலம், இருமுறை அழுத்தினால் இடம் என்பதுபோல. இதன் குறை பீரங்கியில் கூர்மையாகத் தெரியும்: வரிசையில் மூன்றாவதாக உள்ள செயலுக்குப் போக முதலிரண்டையும் கடந்தாக வேண்டும். ‘சுடு’ என்பது நடுவில் இருந்தால், திரும்ப நினைத்தவர் சுட்டுவிட்டுத்தான் திரும்புவார். பின்னர் வந்த ரீட் முறை ஒவ்வொரு செயலுக்கும் தனி ஒலி அதிர்வெண்ணும், அதற்கென்றே துடிக்கும் தனி உலோக நாக்கும் தந்து இந்த வரிசையை உடைத்தது.

1960களில் பரவிய விகிதாசாரக் கட்டுப்பாடு இன்றுவரை நிற்கும் ஒரு மொழியைத் தந்தது. ஏறக்குறைய 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வரும், அதன் அகலம் 1 முதல் 2 மில்லிவினாடி, 1.5 என்றால் நடுநிலை. சர்வோ மோட்டார் அந்த அகலத்தைக் கோணமாக மாற்றும். டெக்சாஸ்காரர்கள் தொடங்கியபோது சந்தையில் கிடைத்தது இதுதான். எனவே சர்வோவின் கையைக் கொண்டே வாயு வால்வை நேரடியாக அழுத்தினார்கள், அல்லது ஒரு மைக்ரோ சுவிட்சைத் தட்டி மின்வால்வைத் திறந்தார்கள்.

இந்த ஏற்பாட்டை இன்று கரடுமுரடானது என்று ஒதுக்குகிறோம். ஆனால் அதில் யாரும் திட்டமிடாத ஒரு பாதுகாப்பு இருந்தது. சாதாரண சர்வோ 60 பாகை திரும்ப ஐந்தில் ஒரு வினாடி அளவு எடுத்துக்கொள்ளும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தீப்பொறியால் ஒரு துடிப்பு சிதைந்தால் சர்வோ லேசாக நடுங்கும். வால்வை எட்டுமுன் அடுத்த நல்ல துடிப்பு வந்து அதைத் திருப்பிவிடும். அந்தச் சோம்பல் ஒரு வடிகட்டி. பின்னர் சர்வோவின் இடத்துக்கு வந்த மின்னணுச் சுவிட்சுக்குச் சோம்பல் கிடையாது. முதலில் வந்த எளிய சுற்றுகள் ஒவ்வொரு துடிப்பையும் ஒரு வரம்போடு ஒப்பிட்டு உடனே முடிவெடுத்ததால், சிதைந்த ஒற்றைத் துடிப்பே வால்வைத் திறக்கப் போதுமானதாயிற்று. பழைய இயந்திரம் இலவசமாகத் தந்ததைப் புதிய கருவியில் வலிந்து எழுதிச் சேர்க்க வேண்டிவந்தது. 1990களில் மலிவான மைக்ரோகண்ட்ரோலர்கள் வந்தபின் அது எளிதாயிற்று: தொடர்ந்து சில துடிப்புகள் வரம்பைத் தாண்டினால்தான் திற, மூடும் வரம்பைத் திறக்கும் வரம்பைவிடத் தாழ்த்தி வை, துடிப்பே வரவில்லையென்றால் மூடு.

மின்சாரத்தைச் சுமக்கும் பாகமும் மாறியது. ரிலேயில் வால்வுச் சுருளின் மின்னோட்டம் அறுபடும்போது தொடுமுனைகளுக்கிடையே பொறி பறக்கும். நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் பீரங்கி நிற்காது, குண்டுகளும் வாயுவும் தீரும்வரை. அந்த இடத்துக்கு மாஸ்ஃபெட் வந்தது. பெல் ஆய்வகத்தில் 1959-இல் பிறந்த இந்த டிரான்சிஸ்டர், ஆம்பியர் கணக்கில் மின்சாரம் தாங்கும் வடிவில் 1970களின் இறுதியில்தான் பரவலாயிற்று.

இதை இணைக்கும் முறையில் அந்த நூறாண்டு அச்சம் முழுவதும் படிந்திருக்கிறது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து வால்வுச் சுருளுக்கு, சுருளின் மறுமுனை மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, சோர்ஸ் எதிர்முனைக்கு. ரேடியோ சைகையைப் பெறும் ரிசீவரின் எதிர்முனையும் பீரங்கி பேட்டரியின் எதிர்முனையும் ஒன்றாகச் சேர வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பை அளக்கப் பொது அடிநிலை இல்லாமல் சுவிட்ச் தன்னிச்சையாக நடந்துகொள்ளும். சுருளின் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டையோடு, மின்னோட்டம் அறுபடும்போது எகிறும் மின்னழுத்தத்தை விழுங்க. மாஸ்ஃபெட்டில் கட்டளையை ஏற்கும் கேட் முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே 10 கிலோஓம் போல ஒரு ரெசிஸ்டர். சில பைசா பெறும் பொருள். மைக்ரோகண்ட்ரோலர் விழிக்குமுன் கேட் அந்தரத்தில் மிதந்து வால்வு திறந்துவிடாமல் அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. கப்பல் மூழ்குவது ஆட்டத்தின் பகுதி என்பதால் சுற்று முழுவதையும் எபாக்ஸியில் அடைப்பார்கள். ஈரம் புகுந்தால் கேட்டுக்குக் கசிவு மின்சாரமே கட்டளையாகிவிடும்.

ஆனால் மாஸ்ஃபெட் பெரும்பாலும் கடத்தும் நிலையிலேயே சாகும். ரிலேயின் முனை ஒட்டுவதும் இதுவும் விளைவில் ஒன்றே. அதனால்தான் ஆட்டக்காரர்கள் கண்ணாடி அணிவதையும், கரையில் உள்ள கப்பலின் பீரங்கியைப் பூட்டிவைப்பதையும் எந்தச் சுற்றாலும் ஈடுசெய்ய முடியாது.

2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்து, ஒரே அலைவரிசையில் இருவர் மோதும் பழைய தொல்லையைத் தீர்த்தன. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தன. சைகை அறுந்தால் சில ரிசீவர்கள் துடிப்பை நிறுத்தும், சில முன்கூட்டிச் சொன்ன நிலைக்குப் போகும், சில கடைசியாகக் கேட்டதையே தொடர்ந்து சொல்லும். கடைசி வகை பீரங்கிக்கு ஆபத்து: சுட்டுக்கொண்டிருக்கையில் தொடர்பு அறுந்தால் கட்டளை ஒழுங்காக வந்துகொண்டிருப்பதாகவே சுவிட்ச் நம்பும், எத்தனை துடிப்பை எண்ணினாலும். ஃபுட்டாபா நிறுவனத்தின் எஸ்-பஸ் முறை இதற்கு வேறு வழி எடுத்தது. ஒரே கம்பியில் 16 சேனல்களை 25 பைட் கொண்ட சட்டங்களாக அனுப்பும் அந்த முறையில், தொடர்பு அறுந்துவிட்டது என்று ரிசீவரே சொல்வதற்கென ஒரு பிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேனலின் மதிப்பைப் பார்க்குமுன் சுவிட்ச் அந்தப் பிட்டைப் பார்த்தால் போதும்.