பால் குடிக்கும் நேரம்

செஞ்சிக்கு அருகே தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. உளியின் வலிமைக்குத்தான் அங்கே கருங்கல் பணிந்தது. பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்த குழந்தையைக் கண்டாலோ, நம் கிராமங்களில் அந்தக் காலையும் கல்லாகவே எண்ணிவிட்டார்கள். "பிறவிக் கோணல், யாரால் நிமிர்த்த முடியும்?" என்று பெருமூச்சு விட்டார்கள். பழியோ பெற்றவள் தலையில் விழுந்தது. கிரகணத்தன்று வெளியே வந்தாளாம், அரிவாள்மணையைத் தொட்டாளாம்!

உண்மையில் இந்த வளைபாதம் உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளிடம் இருமடங்கு அதிகம். கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சைக் குழந்தையின் பாதத்தை மெழுகைப் பிசைவது போல மெல்லத் திருத்திக் கட்ட வேண்டும் என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கூறியிருந்தார். பின்வந்தவர்கள் அதை மறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புக் கருவியால் முறுக்கி நிமிர்த்தும் முறைகூட வந்தது.

அந்தப் பிழையை உணர்ந்தவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பாதிரியார் தம்பதியின் மகனாக 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் டெனிஸ் பிரவுன் என்ற புகழ்பெற்ற நிபுணரிடம் பயின்றார். பலம்கொண்டு நிமிர்த்துவதுதான் அங்கே வழக்கம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, வைத்தியமே காணாமல் வளர்ந்த வளைபாதங்களைத் தொட்டுப் பார்த்தார். கோணலாக இருந்தும் அவற்றின் தசை மிருதுவாக இருந்தது. இங்கிலாந்தில் நிமிர்த்தப்பட்ட கால்களிலோ உள்ளே தழும்பேறி இறுகிப் போயிருந்தது. பலவந்தமே காயமாகியிருந்தது!

அதன்பின் அவர் கையாண்ட முறை விசித்திரமானது. குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொல்வார். தாய் அவர் எதிரிலேயே அமர்ந்து பாலூட்டுவாள். அவர் கை பாதத்தை மெல்ல மெல்லத் திருப்பும். கண்ணோ குழந்தையின் முகத்தில் இருக்கும். குழந்தை பாலை விட்டுத் திரும்பிப் பார்த்தால் அதுதான் எல்லை. அழும்வரை காத்திருப்பதில்லை. அந்த அளவில் மாவுக் கட்டுப் போடுவார். அடுத்த முறை இன்னும் சிறிது. பழி சுமந்த தாயின் மடியே வைத்தியசாலையாயிற்று.

அதே 1914-இல் ஸ்பெயினின் மினோர்க்கா தீவில் பிறந்த இக்னேசியோ பொன்செட்டி, அமெரிக்காவின் அயோவாவில் இதே மென்மையை ஒழுங்கான முறையாக்கினார். வாரம் ஒரு மாவுக் கட்டாக ஐந்தாறு கட்டுகள். பெரும்பாலும் குதிகால் தசைநாரில் சிறு வெட்டு. பிறகு கம்பியால் இணைத்த காலணி. 1963-இல் முடிவுகளை வெளியிட்டும், பல்லாண்டுகள் கழித்தே உலகம் செவிசாய்த்தது. இன்று எங்கும் முதற்சிகிச்சை அதுதான். இந்திய அரசின் 2013-ஆம் ஆண்டுச் சிறார் நலத் திட்டத்திலும் வளைபாதம் இடம்பெற்றிருக்கிறது, சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

ஆனால் வீட்டில் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு வயதுவரை உறங்கும்போதும் அந்தக் காலணியை மாட்ட வேண்டும். "கால்தான் நேராகிவிட்டதே, குழந்தையை ஏன் வதைக்கிறாய்?" என்று யாராவது பரிந்து பேசிக் கழற்றிவிட்டால், பாதம் மீண்டும் வளையும். ஆகவே பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிரகணக் கணக்கை விட்டுவிடுங்கள். மருமகள் அயர்ந்து உறங்கும் இரவில், எழுந்துபோய் அந்தக் காலணியை நீங்கள் மாட்டிவிடுங்கள்.