டிரைவ்-இன் ரோடும் அப்பா பார்த்த கடைசிப் படமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே போபாலில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினோம். வத்தக்குழம்பு, அப்பளம் எல்லாம் முடிந்து எல்லோரும் தரையில் சாய்ந்தவுடன் வழக்கமான கேள்வி வந்தது. "சமீபத்துல என்ன படம் பார்த்தீங்க?" மெய்யழகனை மூன்றாவது தடவை பார்த்து அழுததாக ஒரு அக்கா சொன்னார். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் படத்தில் ஒரு பங்கு இருக்கிறது, அதனால் யாரும் கிண்டல் செய்யவில்லை. அப்புறம் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போனபோது காரில் உட்கார்ந்தபடியே ஒரு மைதானத்தில் படம் பார்த்ததைச் சொன்னார். வசனம் கார் ரேடியோவில் வந்ததாம். "நம்ம நாட்டுல இதெல்லாம் எங்க சார் இருக்கு?" என்று முடித்தார்.

"அகமதாபாத்துல 1973-லயே திறந்துட்டாங்க சார்" என்றேன். நம்பவில்லை. சென்னைக்கார மாமி ஒருவர், "டிரைவ்-இன்னா உட்லண்ட்ஸ்தானே, அங்க ஏது சினிமா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1962 முதல் 2008 வரை கதீட்ரல் ரோட்டில் மரத்தடியில் காரை நிறுத்தி தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு டிரைவ்-இன் என்றால் டிபன்தான். (அந்த இடத்தில்தான் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது.) ஈசிஆரில் பிரார்த்தனா இருந்ததை ஞாபகப்படுத்திய பிறகுதான் மாமி ஒத்துக்கொண்டார். எனக்கோ அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கொசுவத்திச் சுருள் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

2008-ல் எனக்கு அகமதாபாத் டிரான்ஸ்ஃபர். வீடு பார்க்கக் கூட்டிப்போன புரோக்கர் "டிரைவ்-இன் ரோடு, டிரைவ்-இன் ரோடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அந்த மாமி மாதிரிதான், ஏதோ பெரிய ஹோட்டல் இருக்கும்போல, காபியாவது கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டேன். தல்தேஜ் பக்கம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. பெரிய மைதானம், அதன் ஒரு கோடியில் வீடு உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர். அதுதான் திரை. சன்செட் டிரைவ்-இன் சினிமா. 665 கார்கள் நிற்கலாம் என்று கணக்கு. ஆசியாவிலேயே பெரிய திறந்தவெளித் திரை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தியேட்டரின் பெயரைத்தான் ரோட்டுக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பஸ் ஸ்டாப்புக்கு தியேட்டர் பெயர் இருக்கும், இங்கே ஒரு முழு நீள ரோடே!

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று தேடியதில் சுவாரஸ்யமான ஒரு மனிதர் மாட்டினார். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்காரர், அப்பாவின் கார் சாமான் கம்பெனியில் விற்பனை பார்த்தவர். 1930களின் ஆரம்பம், அங்கே பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம். எவ்வளவு கஷ்டத்திலும் ஜனங்கள் காரையும் சினிமாவையும் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பானட் மேல் ஒரு கோடாக் புரொஜெக்டரை வைத்து, இரண்டு மரங்களுக்கு நடுவில் துணியைக் கட்டி, அதற்குப் பின்னால் ரேடியோவை வைத்துப் பார்த்தாராம். மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்க்க, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் காரின் மேல் திருப்பிவிட்டிருக்கிறார். நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் தங்கமணி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன், வேண்டாம்.

பெரிய சிக்கல் ஒன்றுதான். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். முன் சக்கரத்துக்குக் கீழே கட்டையை வைத்துக் காரைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பார்த்தார். வரிசைக்கு வரிசை மண்ணை மேடாக்கி, காரின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தினால் எல்லோருக்கும் திரை தெரிகிறது. இதற்கு 1933 மே 16-ல் காப்புரிமை வாங்கி, ஜூன் 6-ம் தேதி கேம்டன் ஊருக்கு வெளியே முதல் டிரைவ்-இன்னைத் திறந்துவிட்டார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை. நம்ம கூட்டுக்குடும்பங்களுக்கு ஏற்ற கட்டணம்!

அவர் அம்மா கொஞ்சம் கனத்த சரீரம் என்றும், தியேட்டர் நாற்காலியில் உட்கார முடியாமல் சிரமப்பட்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அவர் விளம்பரம் செய்த விதத்தைப் பார்த்தால் அதில் விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. குழந்தை எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார். கைக்குழந்தைக்காரர்கள், நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள், வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வருகிறவர்கள் என்று ஹால் தியேட்டருக்குள் போகக் கூச்சப்படுகிற எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

ஆனால் பணம் பார்த்தது அவர் இல்லை. அந்த முதல் தியேட்டரே சில வருஷங்களில் மூடப்பட்டது. காப்புரிமைக்கு ராயல்டி கேட்டு அலைந்தார், கேஸ் போட்டார். மண்ணை மேடாக்குவது ஒரு கண்டுபிடிப்பே இல்லை என்று 1949-ல் மேல்முறையீட்டு கோர்ட் காப்புரிமையைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் யார் கேட்பது! போர் முடிந்து வந்தவர்கள் கார் வாங்கி, புறநகரில் வீடு கட்டி, வரிசையாகப் பிள்ளை பெற்ற காலம் அது. 1958-ல் அமெரிக்காவில் 4,000-க்கும் மேல் டிரைவ்-இன்கள். ஒரு பெரிய ஸ்பீக்கர் ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தது போய், கார் ஜன்னலில் மாட்டும் குட்டி ஸ்பீக்கர் வந்தது, பிற்பாடு எஃப்எம் ரேடியோ. இதில் ஒரு கசப்பும் உண்டு. எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிட்ட அதே அமெரிக்காவில், தென் மாநிலங்களில் கறுப்பர்களை உள்ளே விடாத டிரைவ்-இன்களும் இருந்தன. அவரவர் காரிலேயே உட்கார்ந்திருக்கும் இடத்தில்கூடப் பக்கத்தில் யார் என்று பார்த்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் சரிந்தது? டிவி வந்தது, வீடியோ வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். 1966-ல் போட்ட சட்டத்தால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க ஆரம்பித்தார்கள், இருட்டவே ஒன்பது மணி ஆனால் எப்போது படம் போடுவது? ஆனால் பாங்க்காரனான என் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது. ஒரு நாற்காலி வைக்கும் இடமெங்கே, ஒரு கார் நிற்கும் இடமெங்கே? ஹால் தியேட்டர் ஒரு நாளைக்கு நாலு காட்சி ஓட்டும், இங்கே சூரியன் மறைந்தால்தான் வியாபாரம். மழைக்காலத்தில் அதுவும் சந்தேகம். இப்படிப்பட்ட தொழில் நிலம் மலிவாக இருக்கும் ஊர்க் கோடியில்தான் நடக்கும். கொஞ்ச வருஷத்தில் ஊர் வளர்ந்து அந்தக் கோடியைத் தொட்டுவிடும். அப்புறம் டிக்கெட் வருமானத்தையும் நிலத்தின் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எந்த வேல்யுவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். நானே எத்தனையோ லோன் ஃபைலில் பார்த்திருக்கிறேன், 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் இரண்டாவது தடவை படிப்பதில்லை.

பம்பாய்க் கதையைப் பாருங்கள். பாந்த்ராவில் 1977-ல் டிரைவ்-இன் திறந்தபோது சுற்றுப்பட்டில் சதுப்பு நிலம். 2003-ல் மூடியபோது பக்கத்திலேயே பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ், பாங்குகளின் தலைமை அலுவலகங்கள் எல்லாம் அங்கே. 2021 நவம்பரில் அதே பகுதியில் மறுபடி ஒரு டிரைவ்-இன் வந்தது, சூர்யவன்ஷி படத்தோடு. ஆனால் இந்தத் தடவை தரையில் இல்லை, ஒரு மாலின் மொட்டை மாடி பார்க்கிங்கில்!

அகமதாபாத்தில் 1973-ல் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அவ்வளவுதான் நம் நாட்டில் அப்போது. அது ஸ்கூட்டர் ஊர். அதனால் அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை இங்கே குஜராத்தியாக மாறிவிட்டது. நான் பார்த்தபோது காருக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. காரை ஒரு தடுப்புச் சுவர் மாதிரி நிறுத்திவிட்டு, அதன் முன்னால் பாய், ஜமுக்காளம், சிலர் கட்டிலே கொண்டுவந்திருந்தார்கள். டிபன் காரியரைத் திறந்தால் தேப்லா, ஊறுகாய், காண்டியா. பாட்டிகள் ஒரு பக்கம் படுத்துவிட்டார்கள். படம் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

சாத்தூர்ப் பக்கம் கிராமம் எங்களுடையது. அப்பா டூரிங் டாக்கீஸ் ஆள். 1905-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட்டின் வழியில் வந்த தொழில் அது. ரயில்வே வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர். லைசென்ஸ் கொஞ்ச காலத்துக்குத்தான், முடிந்தால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். சாயங்காலம் சீர்காழி பிள்ளையார் பாட்டு ஸ்பீக்கரில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவது, நடுவில் ஆண் பக்கம் பெண் பக்கம் என்று தட்டி. ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, ஒரு படத்துக்கு மூன்று. இதையெல்லாம் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

2009 கடைசியில் அப்பாவை அகமதாபாத்துக்குக் கூட்டிவந்தேன். பிராஸ்டேட் தொந்தரவு. டியூப் போட்டு, காலோடு சேர்த்துச் சிறுநீர்ப் பை கட்டியிருந்தது. வேட்டிக்குள் தெரியாது, ஆனால் அவருக்குத் தெரியுமே. அதிலிருந்து அவர் எங்கேயும் வரமாட்டார். கோயிலுக்குக்கூட. "நாலு பேர் நடுவுல வேண்டாம்ப்பா" என்பார். ஒரு நாள் வற்புறுத்தி ஒரு மல்டிபிளெக்ஸுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் சோதனை போடுகிற பையன் கால் பக்கம் தடவிப் பார்த்துவிட்டு "யே க்யா ஹை?" என்று சத்தமாகக் கேட்டான். அவன் வேலையைத்தான் செய்தான். க்யூவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை, திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். காரில் வரும்போதும் பேசவில்லை. அன்றைக்கு நான் செய்தது மகா முட்டாள்தனம் என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

டிரைவ்-இன் யோசனை தங்கமணியுடையது. "மாமாவைக் கார்லயே உக்கார வைக்கலாம்ல, யாரு பார்க்கப் போறா?" என்றாள். ஸ்டாஃப் லோனில் வாங்கிய மாருதி 800 இருந்தது. 2010 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. அகமதாபாத்தின் ஜனவரிக் குளிர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அப்பாவுக்கு மஃப்ளர், சால்வை, அதற்கு மேல் என் ஆபீஸ் ஸ்வெட்டர். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி, பைக்கு மேல் ஒரு துண்டு. பின்னால் நான், தங்கமணி, இரண்டு வயது மகள். படம் 3 இடியட்ஸ்.

அப்பாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. முதல் அரை மணி நேரம் நான் மொழிபெயர்த்தேன். அப்புறம், "நீ சும்மா இருடா, புரியுது" என்றார். மகள் வீறிட்டு அழுதபோது யாரும் "உஷ்" சொல்லவில்லை. பக்கத்து ஜமுக்காளத்தில் இருந்த அம்மா ஒரு தேப்லாவைக் கொண்டுவந்து குழந்தை கையில் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து "கேம் சோ தாதா" என்றார். அப்பா ஜன்னலை இறக்கிக் கும்பிட்டார். நடுவில் நான் ஒரு தடவை காரின் மறுபக்கம் போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வந்தேன். இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவர் வேறு படம் பார்க்கவில்லை. 2011-ல் ஊரில் காலமானார்.

படம் முடிந்து கார்கள் ஒவ்வொன்றாக லைட் போட்டு நகர ஆரம்பித்தபோது, எவ்வளவு நேரம் ஓடிற்று என்று கேட்டார். "கிட்டத்தட்ட மூணு மணி நேரம்ப்பா" என்றேன்.

"மூணு மணி நேரப் படத்துக்கு ஒரே ஒரு இடைவேளையா? நம்ம கொட்டகையா இருந்தா மூணு விட்டிருப்பான். எனக்கும் சௌகரியமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

பையைப் பற்றி அவர் சிரித்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.