மூளிக்காது

2020 ஆகஸ்டில் என் இரண்டு வளையல்களையும் கழற்றி அடகுக்கடைத் தராசில் வைத்தேன். நான் வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரி ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம்தான் தந்தது. ஜூலையில் அதுவும் வரவில்லை. முனைவர் பட்டமும் இரண்டு கவிதைத் தொகுப்புகளும் அந்தத் தராசில் எடை காட்டவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஈர்க்குச்சியை எடுத்துக் காதுத் துளையில் செருகிக்கொண்டார். துளை தூர்ந்துவிடக் கூடாதே! "மீட்டுருவேன்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்த ஈர்க்குச்சிதான் என்னை 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்குள் கூட்டிச்சென்றது.

பெருமந்தம் என்றதும் நியூயார்க் பங்குச்சந்தையும், தொப்பி அணிந்து ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஆண்களும்தான் நம் மனக்கண்ணில் வருகிறார்கள். சென்னை மாகாணத்தின் கிராமத்தில் அது வேறு முகத்தோடு வந்தது. 1929க்குப் பிறகு நெல் விலை சரிந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. கிஸ்தியோ வட்டியோ பாதியாகவில்லை. நேற்றுவரை விதைக்கும் கல்யாணத்துக்கும் கடன் கொடுத்தவர்கள் புதுக்கடனை நிறுத்திப் பழைய கடனைக் கேட்டார்கள். விற்க நெல் இருந்தும் பணம் இல்லை. அப்போது வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ரொக்கம் பெண்ணின் உடம்பில் இருந்தது.

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்டது. ஸ்டெர்லிங்கின் மதிப்பு இறங்கியது. 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதத்தில் அதோடு பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்கியது. ரூபாய்க் கணக்கில் பொன் விலை ஏறியது. தோலா சுமார் 21 ரூபாயாக இருந்தது சில ஆண்டுகளில் 30ஐத் தாண்டியது. பல பத்தாண்டுகளாகப் பொன்னை இறக்குமதி செய்துவந்த இந்தியா அதை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அடகுக்கடையிலிருந்து பட்டணத்து வியாபாரிக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் பொன் போனது. அது பிரிட்டனின் நிதி நெருக்கடியைத் தணிக்கவும் உதவியது. பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இதை 'துயரப் பொன்' என்று அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் அது எந்தக் காதிலிருந்தும் எந்தக் கழுத்திலிருந்தும் இறங்கியது என்று ஏற்றுமதிப் புள்ளிவிவரம் சொல்வதில்லை. தாலிப்பொன்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்வது நம் ஊரில் இன்றும் உள்ள வழக்கம். குடும்பம் தாக்குப்பிடித்தது என்று நாம் எழுதும் இடத்திலெல்லாம் ஒரு மூளிக்காது இருக்கிறது.

இந்த இடத்தில் என்னை நானே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது பொன் இருந்தவளின் கதை. காதில் பனையோலைச் சுருளைத் தவிர வேறெதுவும் இல்லாதவள் எதைக் கழற்றினாள்?

அவள் கப்பலேறியிருந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள். கங்காணியின் பின்னால் போனவர்களில் பெண்களும் உண்டு. விடியுமுன் பெரட்டில் நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டி, மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கினார்கள். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்: 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கடல் மாறினாலும் பெண்ணின் கை ஐந்தில் நான்கு கையாகவே எண்ணப்பட்டது.

ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் மலாயாக் கூலி 40 காசும் 32 காசுமாக வெட்டப்பட்டது. அதற்குப் பிறகும் இறங்கியது. இந்த வெட்டில் ஒரு நேர்மை தெரியும், பாருங்கள். இருவருக்கும் சரியாக ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் 50இல் 10 போவதும் 40இல் 8 போவதும் ஒன்றல்ல. அரிசியும் கருவாடும் விற்ற கடையில் பெண்ணுக்கென்று ஐந்தில் நான்கு விலை கிடையாது. தனியாகப் பிள்ளை வளர்த்தவளுக்கு அந்த 32 காசு துணைவருமானம் அல்ல, முழு உலை. செலவைக் குறைக்கத் தோட்டங்கள் களையெடுப்பைச் சுருக்கியபோது, பெண்களும் பிள்ளைகளும் மிகுதியாகச் செய்துவந்த வேலையே சுருங்கியது.

மிஞ்சிய ஆட்களைத் தோட்டம் என்ன செய்தது? திருப்பி அனுப்பியது. அரசு உதவியோடு ஆள் கொண்டுவருவது 1930இல் நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் இலவசப் பயணச்சீட்டோடு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாவில் வேலையில்லாதோர் கலவரம் மூளவில்லை. நிவாரணத்துக்குக் கருவூலமும் காலியாகவில்லை. அந்தச் சுமை நாகப்பட்டினத்தில் இறக்கப்பட்டது. நெல் விலை பாதியாகிப் போயிருந்த ஊரில், ஏற்கெனவே கஞ்சியில் தண்ணீர் கூட்டிக்கொண்டிருந்த அடுப்புகளுக்கு இன்னும் சில தட்டுகள் வந்து சேர்ந்தன. 1934இல் ரப்பர் தேறியதும் கதவு மீண்டும் திறந்தது. திரும்பிப் போனவர்களும் உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த உழைப்பாளிகளைச் சோறுபோட்டு உயிரோடு வைத்திருந்தது யார்? எந்த ரப்பர் கம்பெனியின் ஐந்தொகையிலும் அந்த அடுப்பு செலவாக எழுதப்படவில்லை.

இன்று இதற்கு 'மீள்திறன்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். கல்லூரிகளில் பயிற்சி வகுப்பே நடக்கிறது. பெண்களுக்கு இயல்பிலேயே அது அதிகம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டு அச்சம் தருகிறது. தாங்குவாள் என்று தெரிந்தபின் அவள்மேல் ஏற்றுவது எளிது.

தாங்கியவர்கள் தாங்கிக்கொண்டே இருந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு நிற்கவில்லை அவர்கள். அதிகாரிகள் எதிரே வந்தாலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் அத்துமீறுவதற்கு முடிவு ஆகியவையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. அரசு ராணுவத்தை அழைத்து அதை ஒடுக்கியது. பத்தாண்டுக்கு முன் 32 காசுக்கு வாய் திறக்காமல் பெரட்டில் நின்றவர்கள் இந்த நாளுக்காகவும் சேர்த்து மூச்சைப் பிடித்திருந்தார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

என் வளையல்களில் ஒன்றை மீட்டேன். இன்னொன்று ஏலத்தில் போயிற்று. வேறு கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே முதல் நாளே என்னோடு சேர்ந்த ஆண் விரிவுரையாளரிடம் அவருடைய சம்பளத்தைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிச் சொன்னார். என்னுடையதைவிட அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. மறுநாள் துறையில் இருந்த நாங்கள் மூன்று பெண்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம்.