அணுகுண்டும் வாக்குச் சீட்டும்

சூயஸ் கால்வாயை மீட்கப் புறப்பட்ட பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள், பவுண்டு நாணயத்தைக் காக்க ஐசன்ஹோவர் கைகொடுக்க மறுத்ததாலும், ராக்கெட்டுகளைப் பற்றி மாஸ்கோவிலிருந்து புல்கானின் விடுத்த பயமுறுத்தலாலும், எகிப்தின் மண்ணில் நன்றாகக் கால் ஊன்றுமுன்பே நின்றுவிட நேர்ந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். யுத்தத்தை நிறுத்துவதென்று லண்டனில் ஈடன் தீர்மானித்த 1956 நவம்பர் 6-ஆம் தேதியன்று, தற்செயலாகப் பாரிஸில் பிரதம மந்திரி கீ மொல்லேயின் விருந்தினராக இருந்தவர் மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் அடெனாவர். அவமானத்தால் குமைந்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் அந்த முதியவர், ஒன்றுபட்ட ஐரோப்பாவை உருவாக்குவதே இதற்குத் தக்க பதிலாகும் என்ற பொருள்படப் பேசியதாக, உடனிருந்த வெளிநாட்டு மந்திரி பினோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆனால் பிரெஞ்சு ராஜதந்திரிகள் அன்று உடனடியாகக் கற்றுக்கொண்ட பாடம் வேறு: நெருக்கடி நேரத்தில் வாஷிங்டனின் நலனும் தங்கள் நலனும் ஒன்றாக இருக்குமென்று நம்பியிருக்கலாகாது என்பதே அது.

அணு ஆயுத ஆராய்ச்சி அதற்கு முன்பே, மாந்தெஸ் பிரான்ஸ் பிரதமராக இருந்த 1954-ஆம் ஆண்டின் இறுதியிலேயே, அரைமனதோடு ஆரம்பமாகியிருந்தது. சூயஸுக்குப் பிறகு அது வேகம் பிடித்தது மட்டுமன்றி, இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு விசித்திரமான திருப்பத்தையும் அடைந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 13 ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியாத 1957 நவம்பரில், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி ஆகிய மூன்று தேசங்களின் பாதுகாப்பு மந்திரிகளான ஷபான்-தெல்மாஸ், ஸ்ட்ராஸ், தவியானி ஆகியோர் நவீன ஆயுதங்களைக் கூட்டாகத் தயாரிப்பதற்கென்று ரகசிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். அணு ஆயுதமும் அதன் எல்லைக்குள் அடங்கியிருந்தது. 1958 ஜூன் மாதம் அதிகாரத்துக்கு வந்த ஜெனரல் தெ கோல் அந்த ஏற்பாட்டின் அணு ஆயுதப் பகுதியைத் தயக்கமின்றி ரத்துச் செய்தார். குண்டு பிரான்ஸுடையதாகவே இருக்க வேண்டும், அதில் எவருக்கும் பங்கில்லை என்பது அவருடைய உறுதி. ஐரோப்பாவுக்குப் பொதுவான அணு அரண் ஒன்று அமைந்திருக்கக்கூடிய வாய்ப்பு, அமெரிக்கர்களாலோ ரஷ்யர்களாலோ அல்லாமல், ஐரோப்பியச் சுதந்திரத்தின் தலைசிறந்த வக்கீலாகத் தம்மைக் கருதிக்கொண்ட ஒருவராலேயே அழிக்கப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1960 பிப்ரவரி 13-ஆம் தேதி சகாரா பாலைவனத்தின் ரெகான் என்னுமிடத்தில் முதல் பிரெஞ்சு அணுகுண்டு வெடித்தது. அதன் சக்தி சுமார் 70 கிலோடன்; ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். பாரிஸ் பெருமிதத்தில் திளைத்தது. ஒரு தேசத்தின் கௌரவத்துக்காக மற்றொரு தேசத்தின் மணல் நஞ்சாக்கப்பட்ட சங்கதியைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை: அல்ஜீரியா சுதந்திரம் பெற்ற பின்னும், எவியான் உடன்படிக்கையின் பலத்தால், 1966 வரை அங்கே சோதனைகள் தொடர்ந்தன; 1962 மே 1-ஆம் தேதி இன் எக்கர் மலைக்குள் நடந்த சோதனையில் கதிரியக்க மேகம் பிளந்து வெளியேறியபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு மந்திரிகளும் அதில் சிக்கினார்கள். மந்திரிகளின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. அந்தப் பகுதியில் வாழ்ந்த துவாரெக் மக்களின் பெயர்கள் இல்லை.

ரஷ்யர்களும் அமெரிக்க நகரங்களைத் தாக்கும் ஏவுகணைகளைப் பெற்றுவிட்ட பிறகு, பாரிஸைக் காப்பதற்காக நியூயார்க்கைப் பலிகொடுக்க எந்த அமெரிக்க ஜனாதிபதியாவது துணிவாரா என்பதுதான் தெ கோலின் கேள்வி. 1961-இல் பாரிஸுக்கு வந்த கென்னடியிடமே அவர் இதைக் கேட்டார். கென்னடி அளித்த உறுதிமொழி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த உறுதிமொழியின் ஆயுள் ஒரு ஜனாதிபதியின் பதவிக் காலத்துக்கு மேல் நீளாது என்பதைத் தெ கோல் அறிந்திருந்தார். இதே நியாயம் தமக்கும் தம் வாரிசுகளுக்கும் பொருந்தும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பதே இந்த அத்தியாயத்தின் மையமான விஷயம்.

1962-ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஆகஸ்டில் பெத்தி-கிளமார் என்ற இடத்தில் துப்பாக்கிக் குண்டுகளிலிருந்து மயிரிழையில் தப்பிய தெ கோல், தமக்குப் பின் வரும் ஜனாதிபதி, பிரதிநிதிகளும் நகரசபைக்காரர்களும் கூடித் தேர்ந்தெடுக்கும் ஒருவராக இல்லாமல், ஜனங்களின் நேரடி வாக்கால் அமர்த்தப்படுபவராக இருக்க வேண்டுமென்று அரசியல் சட்டத்தைத் திருத்த முற்பட்டார். அதையும் பார்லிமெண்டின் வழியாகச் செய்யாமல், நேரே சர்வஜன வாக்கெடுப்புக்கு விட்டார். 1848-இல் நேரடி வாக்கால் ஜனாதிபதியாகி, நான்கே ஆண்டுகளில் சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொண்ட லூயி நெப்போலியனின் ஞாபகம் பிரெஞ்சுக் குடியரசுவாதிகளின் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. செனட் சபையின் தலைவர் மொன்னெர்வில் இதைப் பதவித் துரோகமென்றே கண்டித்தார். அக்டோபர் 5-ஆம் தேதி பார்லிமெண்ட் பாம்பிதூ மந்திரிசபையைக் கவிழ்த்தது. கட்சிகள் ஜனங்களுக்கும் தலைவனுக்கும் நடுவே நிற்கும் இடையூறுகள், அவற்றைத் தாண்டி ஜனங்களோடு நேரே பேச வேண்டும் என்ற வாதத்தை இன்று ஜனரஞ்சக அரசியல் என்று இகழ்கிறோம். அன்று அதைப் பேசியவர் தேசத்தின் மீட்பர்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்தது. அக்டோபர் 22-ஆம் தேதி கென்னடியின் தூதராக டீன் அச்சிஸன் புகைப்படங்களோடு எலிஸே மாளிகைக்கு வந்தார். ஆலோசிக்க வந்தீர்களா, தகவல் சொல்ல வந்தீர்களா என்று தெ கோல் கேட்க, தகவல் சொல்லவே வந்ததாக அச்சிஸன் ஒப்புக்கொண்டார். ஐரோப்பாவைச் சாம்பலாக்கக்கூடிய ஒரு முடிவில் ஐரோப்பாவுக்கு இருந்த பங்கு அவ்வளவே. தெ கோல் சிறிதும் சுணங்காமல் கென்னடியை ஆதரித்தார். அக்டோபர் 28-ஆம் தேதி, குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த அதே ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு ஜனங்களில் வாக்களித்தோரில் 62 சதவீதத்தினர் தெ கோலின் திருத்தத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். 1964 ஜனவரி 14-ஆம் தேதி பிறந்த ஓர் அரசாணை, அணு ஆயுத விமானப் படையை ஏவும் கட்டளையை ஜனாதிபதி ஒருவரின் கையில் ஒப்படைத்தது. குண்டு ஒருவனுடையது, அந்த ஒருவன் வாக்காளர்களுடையவன் என்ற ஏற்பாடு அவ்வாறு பூர்த்தியாயிற்று.

பிறகு நடந்தவை பிரசித்தம்: 1963-இல் கென்னடியின் போலாரிஸ் ஏவுகணைகளை மறுத்தது, 1966-இல் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து விலகியது. 1965 தேர்தலில் அந்தக் குண்டை எதிர்த்து நின்ற மித்தரான், தாமே ஜனாதிபதியான பின் 1983-இல், அதன் ஆதாரம் ராஷ்டிரத் தலைவரான தாமே என்று தொலைக்காட்சியில் சொன்னார். அந்த ஆசனத்தில் அமரும் எவரும் அதன் பக்தராகிவிடுவார் என்ற நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது.

ஆனால் 2002-இல் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்தவர் தீவிர வலதுசாரியான ஜான்-மரி லெ பென். 1956-இல் வரிக் கிளர்ச்சிக்காரர் பூஜாதின் கட்சி சார்பில் 27-ஆம் வயதில் பார்லிமெண்டுக்குள் நுழைந்து, அதே ஆண்டு பாராசூட் படையினரோடு சூயஸுக்கும் சென்றவர் அவர். சிராக்கிடம் படுதோல்வி அடைந்தார். 2022-இல் அவருடைய மகள் மரீன் பெற்றது 41 சதவீதத்துக்கும் மேல்.

2024 பிப்ரவரியில், பாதுகாப்புக்குப் பணம் செலவிடாத நேட்டோ தேசங்களை ரஷ்யா தன் இஷ்டப்படி செய்துகொள்ள ஊக்குவிப்பேன் என்று டிரம்ப் பேசினார். அடுத்த ஆண்டு மியூனிக் மாநாட்டில், ஐரோப்பாவுக்கு ஆபத்து உள்ளிருந்தே வருகிறதென்று உபதேசித்த அவருடைய துணை ஜனாதிபதி வான்ஸ், ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவியைச் சந்தித்துவிட்டுப் போனார். பிரெஞ்சு, பிரிட்டிஷ் அணுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று ஜெர்மனியின் பழமைவாதியான மெர்ஸே சொல்லும் நிலை வந்தது. 2025 மார்ச் 5-ஆம் தேதி மக்ரோன் அந்த விவாதத்துக்குத் தாம் தயாரென்றார். முடிவு மட்டும் பிரெஞ்சு ஜனாதிபதியின் கையில்தான் என்றார். அதைப் பகிரவும் கூடாது, பிறரிடம் ஒப்படைக்கவும் கூடாது என்றார் மரீன் லெ பென். 1958-இல் தெ கோல் செய்ததைத்தான் அவர் சொற்களில் சொன்னார். அந்த வகையில் அவரை அந்நியரென்று ஒதுக்க இயலாது. பிரிட்டனின் ஏவுகணைகளோ அமெரிக்காவோடு பொதுவான கிடங்கிலிருந்து எடுத்து வரப்படுபவை.

ஆகவே, பென்சில்வேனியாவின் வாக்காளர்களை நம்பியிருந்த பெர்லினும் வார்ஸாவும், இனிப் பிரான்ஸின் பிக்கார்தி வாக்காளர்களை நம்பலாமென்று அழைக்கப்படுகின்றன. இரண்டு தேர்தல்களிலும் அவற்றுக்கு வாக்கில்லை. அடுத்த பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல் 2027-இல் நடைபெற வேண்டும். தொடர்ந்து இருமுறை பதவி வகித்த மக்ரோன் அதில் போட்டியிட முடியாது.

அடுத்த இதழில், பெர்ஷிங் ஏவுகணைகளை எதிர்த்து லட்சக்கணக்கானோர் பான் நகரில் கூடிய 1981-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தைக் காண்போம்.