முத்து மதிப்பீடு (தூத்துக்குடிக் கரை)

மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துக்கு விலை குறிக்கத் தூத்துக்குடிக் கரையிலும் இலங்கையின் மன்னார்க் கரையிலும் வணிகர் கையாண்ட முறை. சல்லடையால் அளவு, கண்ணால் தரம், தராசால் எடை, கடைசியில் ‘செவ்வு’ எனும் கணக்கு என்ற வரிசையில் அது நடந்தது.

இக்கரையின் முத்து வணிகம் பழமையானது என்பதற்குச் சான்று, தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலுக்கு அருகே இருக்கும் கொற்கை. இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் இவ்வூர், பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்தது. கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளஸ், இங்கே தண்டனை பெற்றவர்களைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததைச் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் முத்து கிடைக்கும் இடங்களில் தாம்ரபர்ணியைச் சேர்க்கிறது.

தரம் பிரிப்பது எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் பார்க்கலாம். இராசராசன் காலத்தில் கோயிலுக்குக் கொடுத்த நகைகளில் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள்; குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியையும் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நகைக்கும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடை; அதன்பின் காசில் விலை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் கணக்கை இன்றைய மதிப்பீட்டாளர் எவரும் மதிப்போடுதான் படிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டுச் சலாபங்களில் (முத்துக்குளிப்புகளில்) பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. துளைகளின் எண்ணிக்கை 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை கூடக் கூட அதன் அளவு சிறுக்கும். ஆகவே 20 துளைச் சல்லடையில் தங்குவதே மிகப் பெரிய முத்து. 1000 துளையிலும் நில்லாமல் இறங்கியது தூள்.

சல்லடைக்குப் பிறகு கண்ணின் வேலை. உருட்சியும் ஒளியும் குறையில்லாதது ஆணி. இரண்டிலும் குறைந்து, குறிப்பாக ஒளி மங்கியது மசங்கு. அதற்கும் கீழே களிப்பு. வளைந்தது மடங்கு, உருக்கெட்டது பீசல். முத்தைத் தட்டில் உருட்டிப் பார்ப்பார்கள்: நல்ல உருண்டை ஓரிடத்தில் நிற்காது, கோணல் முத்து தடுமாறி நின்றுவிடும். துளையிட்ட முத்தானால் துளை வாயைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மேல்தோலில் உள்ள வடுவின் மேலேயே துளையிட்டு அதை மறைப்பது பழைய வழக்கம். மங்கிய மேல்தோலை உரித்தால் அடியில் நல்ல ஒளி வரலாம், வராமலும் போகலாம். உரிக்க உரிக்க எடை குறைவது மட்டும் உறுதி.

உயர்ந்த தரங்களுக்குத்தான் செவ்வு. மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதில் முக்கால் பங்கை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு கிடைக்கும். 4 மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்துக்கு 12 செவ்வு. தலைக்கு 1 மஞ்சாடியாக 4 முத்துகள் இருந்தால் எடை அதேதான், செவ்வோ 3. செவ்வு ஒன்றுக்கு என்ன விலை என்பதைத் தரம் தீர்மானிக்கும். பெரிய முத்து அரிது. அந்த அருமையைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்ததுதான் இக்கணக்கின் சிறப்பு. தாழ்ந்த வகைகளுக்குப் பெரும்பாலும் கழஞ்சுக்கு இவ்வளவு என்று எடைக்கு மட்டும் விலை.

இம்மதிப்பீடு கடைத்தெருவோடு நிற்கவில்லை. சலாபம் நடத்தலாமா என்று முடிவெடுக்கும் முன், பாரிலிருந்து (கடலடியில் முத்துச்சிப்பி வாழும் திட்டிலிருந்து) சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தார்கள். ஆயிரம் சிப்பிக்கு வந்த விலையே அந்த ஆண்டின் முடிவு. ஆயிரக்கணக்கான குளிகாரர்களின் பிழைப்பு சில விரல்களுக்கிடையே உருண்ட அந்த மாதிரி முத்துகளைப் பொறுத்திருந்தது.

காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்கள் கையாளும் மாணிக்கம், நீலம் போன்ற வண்ணக் கற்களில் இப்படி ஒரே சூத்திரம் செல்லாது. அங்கே நிறம்தான் முதலில். பிறகு தெளிவு, வெட்டு, எடை. சூடேற்றி நிறம் கூட்டிய கல்லுக்கும் இயற்கையாகவே அந்நிறம் கொண்ட கல்லுக்கும் விலை வெகுவாக மாறும். எடை காரட்டில், ஒரு காரட் 0.2 கிராம்.

இயற்கையா, மனிதர் கைபட்டதா என்ற இதே கேள்வி முத்துக்கும் வளர்ப்பு முத்தோடு வந்தது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபத் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. வளர்ப்பு முத்தின் ஒளியும் உருட்சியும் கண்ணை எளிதில் ஏமாற்றும். ஆகவே பழைய நகையிலுள்ள முத்தை விலைபேசும் முன் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள்: உள்ளே வைத்த மணி தெரிந்தால் வளர்ப்பு, நடுவிலிருந்தே வளையம் வளையமாக அடுக்கு தெரிந்தால் கடல் தானாகத் தந்தது.