சோலார் போடலாமா? மொட்டை மாடிக்கு ஏறும் முன் இ.பி பில்லைப் பாருங்க!

மே மாசத்து இ.பி பில் மெசேஜ் வந்ததும் வீட்டுல முதல் பழி ஏ.சி மேலதான் விழும். அடுத்த பேச்சு, 'பேசாம சோலார் போட்டுடலாமா?' போடலாம். ஆனா, எல்லா வீட்டுக்கும் அது லாபம் கிடையாது. உங்க வீட்டுக்கு லாபமா, இல்லையாங்கிறது பழைய பில்லிலேயே இருக்கு.

தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல படிப்படியா ரேட் ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65. 500 யூனிட்டைத் தாண்டிட்டா 101-200 யூனிட்டுக்கான சலுகை விலையும் போயிடும். சோலார் தரும் யூனிட்டுகள் இந்தப் படிக்கட்டின் உச்சியில இருந்துதான் கழியும். அதனால மேல் படியில இருக்கிறவருக்குத்தான் கொண்டாட்டம்.

ஒரு கிலோவாட் சோலார், சராசரியா நாளுக்கு 4 யூனிட் தரும். ரெண்டு மாசத்துக்கு 240. இப்போ ரெண்டு வீடுகளை எடுத்துக்குவோம். முதல் வீட்டுல 300 யூனிட் ஓடுது. பில் சுமார் 700 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டா பில் பூஜ்யம் ஆகிடும். ஆனா வருஷத்துக்கு மிச்சமாகிறது 4,200 ரூபாய்தான். மானியம் போக 45,000 ரூபாய் செலவுன்னு வெச்சாலும், போட்ட பணத்தை எடுக்கவே பத்து வருஷம் ஆகும்!

ரெண்டாவது வீடு, 700 யூனிட். பில் 3,900 ரூபாய். இங்க ரெண்டு கிலோவாட் போட்டா 480 யூனிட் கழிஞ்சு, பில் 350 ரூபாய்க்குள்ள வந்துடும். வருஷத்துக்கு 21,000 ரூபாய்க்கு மேல மிச்சம். மானியம் போக 80,000 ரூபாய் ஆச்சுன்னா நாலு வருஷத்துல முதல் திரும்பிடும். 'மூணு கிலோவாட்டா போடுங்க சார், பில்லே வராது'ன்னு விற்கிறவர் சொல்வார். முதல் 100 யூனிட்தான் ஏற்கெனவே இலவசமாச்சே... அதையும் காசு போட்டு எதுக்கு உற்பத்தி பண்ணணும்?

மானியம்னு சொன்னது, 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் 'பிரதமர் சூர்ய கர்' திட்டம். முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய். மூணும் அதுக்கு மேலயும் போனா மொத்தமே 78,000தான். வேலை முடிஞ்சு, நெட் மீட்டர் மாட்டின பிறகுதான் பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வரும். அதுவரை முழுத்தொகையும் உங்க பொறுப்பு, இல்லேன்னா பேங்க் லோன்.

இன்னொரு பெரிய ஏமாற்றம் இருக்கு. கரன்ட் கட்டானா, ஆன்-கிரிட் சோலாரும் நின்னுடும். உச்சி வெயில் கொளுத்தும், மாடியில பேனல் மின்னும், கீழ ஃபேன் சுத்தாது! லைன்ல வேலை பார்க்கிற மின் ஊழியர் மேல உங்க வீட்டு கரன்ட் பாயக் கூடாதுங்கிறதுக்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. கரன்ட் கட்டுலயும் ஓடணும்னா பேட்டரியோடு வர்ற ஹைபிரிட் வேணும். பேட்டரி செலவு சேர்ந்தா மேலே போட்ட கணக்கு மாறிடும். உங்க பிரச்னை பில்லா, கரன்ட் கட்டான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. கரன்ட் கட்டு மட்டும்தான்னா, ஒரு சாதாரண இன்வெர்ட்டரே போதும்.

ரெண்டும் சரின்னா மாடிக்கு ஏறுங்க. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேணும், அதுவும் நிழல் விழாத இடமா. காலை 9 மணி, மதியம் 12, மாலை 3 மணிக்கு மூணு போட்டோ எடுங்க. தண்ணி டேங்க், தென்னை மரம், பக்கத்து வீட்டு மாடிச் சுவர்னு எதன் நிழலாவது விழுதான்னு தெரிஞ்சுடும். வரிசையா இணைச்ச பேனல்கள்ல ஒண்ணு மேல நிழல் விழுந்தாலும் மத்ததோட உற்பத்தியும் குறையலாம். பக்கத்துல காலி மனை இருந்தா, அங்க நாளைக்கு மூணு மாடி எழும்பலாம்கிறதையும் யோசிங்க.

வாடகை வீட்டுல இருக்கீங்களா? விட்டுடுங்க. நாலு வருஷம் அதே வீட்டுல இருப்பீங்கன்னு யார் சொன்னது? அடுக்குமாடியில சொந்த வீடுன்னா, மொட்டை மாடி உரிமை எல்லோருக்கும் பொது. சங்கத்தோட சம்மதம் கையில வந்த பிறகு விலை கேளுங்க.

கொட்டேஷன் வாங்கும்போது மொத்த விலை மட்டும் போதாது. பேனலுக்கு 25 வருஷ வாரன்ட்டின்னு பெருசா போட்டிருப்பாங்க. இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷம்? அது பழுதானா யார் வருவாங்க, எத்தனை நாள்ல? நெட் மீட்டர், இரும்பு ஸ்டாண்ட், எர்த்திங் எல்லாம் விலையில அடக்கமா? மானியத்துக்குத் தகுதியான உள்நாட்டு பேனல்தானா? வாய்ல சொன்னா போதாது, எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க.